வானம் பார்த்த பட்டணம் – 6: சித்திரையில் சிக்கிய ஆசியா

சென்ற பகுதியை டெய்லரின் நட்சத்திரப் பட்டியலோடு நிறுத்தியிருந்தோம். 1844-இல் வெளிவந்த அந்தப் பட்டியலில் 11,015 நட்சத்திரங்கள். டெய்லருக்குப் பின் நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு வந்த ஜேக்கப், உடம்பு முடியாமல் வேலையை விட்டார். அவர் இடத்துக்கு வந்த டெனன்ட் வந்த வேகத்திலேயே போனார். அடுத்து வந்தவர்தான் வேர் பிடித்தார். 1861 பிப்ரவரியில் பொறுப்பேற்ற அவர், 1891 ஜூனில் சென்னையிலேயே கண் மூடும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பெயர் நார்மன் ராபர்ட் போக்சன்.

வந்து இரண்டே மாதம். கப்பலில் வந்த பெட்டிகளைப் பிரித்து முடித்திருப்பாரோ என்னவோ, ஏப்ரல் 17 அன்று ஒரு புதிய சிறுகோள் அவர் கண்ணில் பட்டது. கண்டுபிடிப்பு வரிசையில் அது 67-ஆவது. ஆசியக் கண்டத்திலிருந்து பார்த்துப் பிடித்தவற்றில் அதுவே முதல்.

புதிதாக வந்தவருக்கு அடித்த அதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1829-இல் நாட்டிங்ஹாமில் பிறந்த போக்சன், ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தபோதே மூன்று சிறுகோள்களைப் பிடித்தவர்: 1856-இல் ஐசிஸ், 1857-இல் அரியாட்னி, அதே ஆண்டில் ஹெஸ்டியா. ஐசிஸுக்காகப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் லலாந்து பரிசும் கிடைத்தது. ஆனால் உலகம் அவரை இன்றுவரை நினைப்பது வேறொன்றுக்காக. நட்சத்திர ஒளியை முதல் தரம், இரண்டாம் தரம் என்று கிரேக்கர் காலத்திலிருந்து கண்மதிப்பாகத்தான் சொல்லி வந்தார்கள். 1856-இல் போக்சன் அதை ஒரு கணக்குக்குள் கொண்டுவந்தார். ஐந்து தரம் வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு. ஆகவே ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு. இன்றைக்கு எந்தத் தொலைநோக்கிப் படத்தை எடுத்தாலும் அதில் ஒளியைக் குறிப்பது இந்த அளவுகோல்தான்.

அந்த அளவுகோலை அவருடைய சிறுகோள்மீதே வைத்துப் பார்ப்போம். நல்ல இருட்டில் நம் வெறும் கண்ணுக்கு எட்டுவது ஆறாம் தரம் வரை. 67-ஆம் சிறுகோள் பூமிக்கு நெருங்கி வரும் காலத்தில் பத்தாம், பதினோராம் தரத்தில் இருக்கும். அதாவது நாம் காணும் மிக மங்கிய நட்சத்திரத்தைவிட ஏறத்தாழ நாற்பது முதல் நூறு மடங்கு வரை மங்கல். இதே மங்கலில் வானமெங்கும் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் கிடக்கின்றன. அவற்றில் ஒரு புள்ளி மட்டும் நட்சத்திரம் இல்லை என்று தெரிய வேண்டும்.

தெரிந்துகொள்ள அப்போது இருந்த வழி ஒன்றே ஒன்று. வானத்தின் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தில் உள்ள புள்ளியோடு ஒத்துப் பார்ப்பது. வரைபடத்தில் இல்லாத புள்ளி ஏதும் தெரிந்தால் பென்சிலால் குறிப்பது. அது வரைந்தவர் விட்டுப்போன நட்சத்திரமாக இருக்கலாம். ஒளி கூடிக் குறையும் மாறொளி நட்சத்திரமாகவும் இருக்கலாம். போக்சன் அவற்றைத் தேடுவதிலும் கைதேர்ந்தவர். மறுநாள் அதே இடத்துக்குத் திரும்ப வந்து பார்க்கும்போது பென்சில் குறியில் புள்ளி இல்லை, சற்றுத் தள்ளி ஒன்று இருக்கிறது என்றால் அது நகர்கிறது. இந்தத் தூரத்துச் சிறுகோள் ஒன்று ஒரே நாளில் நகர்வது முழுநிலவின் அகலத்தில் பாதி அளவு. கண் பழகியவருக்கு அது தாராளம். ஒரே இரவில் சில மணி நேரம் காத்திருந்தே நகர்வைப் பிடித்துவிடுவார்கள்.

அந்த ஆண்டு வசந்தத்தில் இந்த வேட்டையில் ஏகப்பட்ட போட்டி. பிப்ரவரியில் நேப்பிள்ஸில் டி காஸ்பரிஸ் 63-ஆவதைப் பிடித்தார். மார்ச் 4-இலும் 8-இலும் மார்செய்யில் டெம்பெல் அடுத்தடுத்து இரண்டு. ஏப்ரல் 9-இல் அமெரிக்காவில் ஹார்வர்டின் டட்டில் ஒன்று. 17-இல் சென்னை. 26-இல் மிலானில் ஸ்கியாபரெல்லி, 29-இல் ஜெர்மனியில் லூதர். 1801-இல் முதல் சிறுகோளான சீரீஸ் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நாலைச் சேர்க்கவே ஆறு வருஷம் ஆயிற்று. ஐந்தாவதுக்கு 1845 வரை உலகம் காத்திருந்தது. இப்போதோ மூன்று மாதத்தில் ஏழு.

இந்த வரிசையில் சென்னைக்கு ஒரு சாதகம், ஒரு பாதகம். சாதகம் வானம். வடகிழக்குப் பருவமழை போய், தென்மேற்கு மேகங்கள் வருவதற்கு முன்னால் கிடைக்கும் இரவுகள். சித்திரை பிறந்து சில நாளே ஆகியிருந்தது. அந்த மாதத்தில் நள்ளிரவில் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறம் நிற்பது கன்னி ராசி. பூமிக்கும் சிறுகோளுக்கும் இடைவெளி குறையும் இடம் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம்தான் என்பதால் வேட்டைக்காரர்கள் அங்கேதான் தூண்டில் போடுவார்கள். போக்சன் பார்த்த வானம் எப்படி இருந்திருக்கும் என்று நான் இருக்கும் ஆக்லாந்தின் பிளாட் புஷ்ஷிலிருந்தும் ஓரளவு சொல்ல முடியும். இங்கே ஏப்ரல் என்றால் இலையுதிர் காலம். நள்ளிரவு வாக்கில் பாரி கர்ட்டிஸ் பூங்காவின் விளக்குகள் முதுகுப் பக்கம் இருக்கும்படி வடக்கே திரும்பி நின்றால் சித்திரை நட்சத்திரம் தொடுவானத்துக்கு 64 பாகை உயரத்தில் நிற்கிறது. சென்னையில் அதே நட்சத்திரம் தெற்குப் பக்கம், 66 பாகை உயரத்தில். ஊர்கள் இரண்டும் அந்த நட்சத்திரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே தொலைவில் அமைந்துவிட்டதால் வந்த ஒற்றுமை இது. ஒரே வித்தியாசம், இங்கே கன்னி தலைகீழாக நிற்கிறாள்.

பாதகம், தபால். சூயஸ் கால்வாய் இன்னும் திறக்கவில்லை. இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தந்தி இணைப்பு வர இன்னும் நான்கு வருஷம் இருந்தது. கப்பலும் எகிப்தின் தரைவழியுமாகச் சேதி லண்டன் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். மார்செய்யில் ஒருவர் பிடித்ததை மறுவாரமே பெர்லினில் சரிபார்ப்பார்கள். சென்னையில் பிடித்ததை ஐரோப்பாவில் ஒருவர் தேடப் புறப்படுவதற்குள் அது மங்கிப்போய்க் கூட்டத்தில் கலந்துவிடலாம். எனவே கண்டவரே விடாமல் பின்தொடர்ந்து, இரவுக்கு இரவு அதன் இருப்பிடத்தை அளந்து வைத்தாக வேண்டும். அளப்பது என்றால் பக்கத்து நட்சத்திரங்களிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளப்பது. அந்த நட்சத்திரங்களின் இருப்பிடம் முதலில் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். போன பகுதியில் டெய்லரின் பட்டியலுக்கு நான் அவ்வளவு பக்கம் செலவழித்தது இதற்காகத்தான்.

போதிய இடைவெளியில் மூன்று இருப்பிடங்கள் கிடைத்தால் பாதையைக் கணக்கிட்டுவிடலாம் என்று சீரீஸை வானியலாளர்கள் தவறவிட்ட காலத்திலேயே கணிதர் காஸ் காட்டியிருந்தார். அந்த வழியில் வந்து, பின்னாளில் செம்மைப்பட்ட பாதை இது: சூரியனிலிருந்து சராசரித் தொலைவு 2.42 வானியல் அலகு, அதாவது சுமார் 36 கோடி கிலோமீட்டர். பாதை நல்ல வட்டம் இல்லை. கிட்ட வரும்போது 29 கோடிக்குச் சற்று மேல், எட்டப் போகும்போது 43 கோடி. பூமியின் பாதைத் தளத்துக்கு 6 பாகை சாய்வு. ஒரு சுற்றுக்கு 3.77 ஆண்டு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள பிரதானப் பட்டையின் உட்பகுதிவாசி.

அந்த 3.77-ஐச் சாதாரண எண்ணாகக் கடந்துவிட வேண்டாம். செவ்வாய் சூரியனைச் சுற்ற 1.88 ஆண்டு ஆகிறது. இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். இந்தச் சிறுகோள் ஒருமுறை சுற்றும் நேரத்தில் செவ்வாய் இரண்டு முறை சுற்றிவிடும். வியாழனோடு இப்படிக் கணக்கு ஒத்துப்போகும் பாதைகளிலிருந்து சிறுகோள்கள் விரட்டப்பட்டு, பட்டையில் வெற்றிடங்களே விழுந்திருக்கின்றன. செவ்வாய் எடையில் சோதா. அதன் இழுப்பு இவ்வளவு பெரிய கல்லை இடம்பெயர்க்கப் போதாது. கல்லின் குறுக்களவு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். தன்னைத்தானே சுற்றிக்கொள்ள அதற்குச் சுமார் 16 மணி நேரம்.

இனி பெயர். அந்தக் காலத்தில் சிறுகோளுக்குப் பெயர் வைப்பது சாதாரணச் சண்டை இல்லை. கிரேக்க, ரோமானிய தெய்வப் பெண்களின் பெயர் மட்டுமே என்பது எழுதாத சட்டம். 1850-இல் ஒருவர் விக்டோரியா என்று வைத்தார். நம் மகாராணியா என்று கேட்டதற்கு, இல்லை, ரோமானிய வெற்றித் தேவதை என்றார்கள். அமெரிக்கர்கள் நம்பவில்லை, கிளியோ என்றே கொஞ்ச காலம் எழுதினார்கள். 1861-இல் டெம்பெலின் இரண்டு சிறுகோள்களுக்கும் இதே தகராறு. 65-ஆவதற்குப் பவேரிய மன்னர் பெயரால் மாக்சிமிலியானா என்று வைத்தது நிலைக்கவில்லை, சிபெலி ஆயிற்று. 64-ஆவது ஆஞ்செலினா, முன்பு மார்செய் பக்கத்தில் இருந்த ஒரு வானாய்வகத்தின் நினைவாக. முணுமுணுத்தார்கள், ஆனால் நிலைத்துவிட்டது.

போக்சன் சாமர்த்தியசாலி. ‘ஆசியா’ என்றார். கிரேக்கப் புராணத்தில் ஆசியா என்று ஒரு பெண் உண்டு. கடலரசன் ஒக்கியானஸின் மகள். ஒரு கதையில் புரோமீதியஸின் தாய், இன்னொரு கதையில் மனைவி. ஆகவே சட்டப்படி குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் அவர் மனத்தில் இருந்தது கண்டமும்தான். இங்கிருந்து கிடைத்த முதல் சிறுகோள் என்பதால் இரண்டுக்கும் பொருந்தும் பெயர் என்று அவரே காரணம் சொன்னார். ஒன்பதே நாள் கழித்துத் தன்னுடையதைப் பிடித்த ஸ்கியாபரெல்லி, கிரேக்கர் இத்தாலியை அழைத்த பழம்பெயரான ஹெஸ்பெரியாவைத் தேர்ந்தார். 67 கிழக்கு, 69 மேற்கு. ஒருவருக்கொருவர் தெரியாமல் அமைந்தது.

இன்றைக்கு இதற்கெல்லாம் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு இருக்கிறது. பாதை உறுதியாகி எண் கொடுத்த பிறகு கண்டவர் பெயரை முன்மொழியலாம். பதினாறு எழுத்துக்கு மேல் கூடாது, வீட்டு நாய்க்குட்டி பெயர் கூடாது, அரசியல்வாதி, படைத்தளபதி என்றால் செத்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும். நான் இருக்கும் நியூசிலாந்தின் டெகாபோ ஏரிக்கரையிலிருந்து ஆலன் கில்மோரும் பமிலா கில்மார்ட்டினும் கண்டெடுத்தவற்றில் 3400-க்கு ஆவ்டியரோவா என்றும் 3810-க்கு ஆவ்ராக்கி என்றும் பெயர். முதலாவது நியூசிலாந்துக்கு மாவோரி மக்கள் சொல்லும் பெயர், இரண்டாவது இங்குள்ள உயரமான மலையின் பெயர். கிரேக்கத் தாயைத் துணைக்கு அழைக்க வேண்டிய கட்டாயம் 1980-களில் இல்லை.

ஆசியா என்ற சொல் போக்சன் வருவதற்கு முன்பே சென்னை வானாய்வக வளாகத்தின் பேச்சில் ஊறியிருந்தது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் இடம்தான் அது. புயல் காலத்தில் தொலைக்காட்சியில் ‘நுங்கம்பாக்கத்தில் பதிவான மழையளவு’ என்று கேட்கிறோமே, அதே இடம். 1792-இல் கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. பதினெட்டு அடி உயரம், பத்து டன் எடை. அதில் லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எதற்கு என்பதற்கு அக்காலக் குறிப்பு ஒன்று விளக்கம் தருகிறது: பிரிட்டிஷாரின் தாராள மனத்தால் கணித அறிவியல்கள் ஆசியாவில் முதன்முதலாக நடப்பட்ட காலம் ஆயிரம் வருஷம் கழித்து வருவோருக்கும் தெரிய வேண்டுமாம்.

முதன்முதலாக! இதற்குப் பதில் அந்த வானாய்வகத்தைக் கொஞ்ச காலம் நடத்திய ஜான் வாரனிடமே இருக்கிறது. 1825-இல் அவர் புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணிக்கச் சொன்னார். அவர் காகிதமும் பேனாவும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். வாய்பாடுகளை நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே சோழிகளை நகர்த்தினார். கிரகணம் தொடங்கும் நேரம் நான்கு நிமிடப் பிழையோடு வந்தது. நடுவிலும் முடிவிலும் பிழை அதிகம்தான், முடிவில் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் பல நூற்றாண்டு பழைய சூத்திரம், எழுத்தே இல்லாத கணக்கு. நடப்படுவதற்கு முன்னாலேயே இங்கே பயிர் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த மரபிலிருந்து வந்த ஒருவர் போக்சன் காலடி வைத்த நாளில் வானாய்வகத்திலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம். இளைஞனாகச் சேர்ந்து தலைமை உதவியாளர் வரை உயர்ந்தவர். 1867-இல் தென்வானில் ரெட்டிகுலம் என்னும் சிறு மண்டலத்தில் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். உதவியாளர் கண்டதை மேலதிகாரி தன் பெயரில் போட்டுக்கொள்வது எந்தக் காலத்திலும் நடப்பதுதான். போக்சன் அப்படிச் செய்யவில்லை, ரகுநாதாச்சாரியின் பெயரிலேயே அறிவித்தார். 1872-இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரான முதல் இந்தியரும் இவரே. நுங்கம்பாக்கத்தில் அளந்த எண்களைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றைத் தாமே நடத்தினார். வாக்கியமா, திருக்கணிதமா என்று நம் வீடுகளில் இன்றும் திதிக்குத் திதி நடக்கும் வாதத்தில் அவருக்கும் பங்குண்டு. 67-ஆம் சிறுகோளின் பெயரில் ஒரு கண்டமே இருக்கிறது. அந்தக் கண்டத்துக்காரர் ஒருவர் அதே கட்டடத்தில் இரவில் கண் விழித்து எழுதிய எண்களுக்குத் தூணிலும் இடமில்லை, சிறுகோளிலும் இடமில்லை. போக்சனை இதற்காக நான் குறை சொல்லமாட்டேன். தூணை வெட்டியவர்களைச் சொல்வேன்.

சென்னையிலிருந்து பின்னும் சிறுகோள்கள் கிடைத்தன. 1864 மே 2-இல் சாஃபோ, 80-ஆவது. இதற்கு ஒரு பெரிய வேலை காத்திருந்தது. சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை நேரடியாக அளப்பது கடினம். கண்ணைக் கூசும் அகன்ற தட்டின் விளிம்பைப் பிடித்து எதை அளப்பது? ஒரு புள்ளியாகத் தெரியும் சிறுகோளின் தொலைவை அளந்துவிட்டால் மற்றதைப் பாதைக் கணக்கே தந்துவிடும் என்றார் நன்னம்பிக்கை முனையில் இருந்த டேவிட் கில். 1888, 1889 ஆண்டுகளில் அவரும் பல நாட்டு வானாய்வகங்களும் சேர்ந்து மூன்று சிறுகோள்களை அளந்தார்கள்: ஐரிஸ், விக்டோரியா, சென்னையின் சாஃபோ. கிடைத்த தொலைவு சுமார் 14 கோடியே 95 லட்சம் கிலோமீட்டர். இன்றைய கணக்கு 14 கோடியே 96 லட்சம். வானியல் கையேடுகள் கில்லின் எண்ணை 1960-கள் வரை வைத்திருந்தன.

1866 மே 16-இல் சில்வியா, 87-ஆவது. ரோமுலஸ், ரேமஸ் இரட்டையரின் தாய் ரேயா சில்வியாவின் பெயர் என்று போக்சன் எழுதியே வைத்திருக்கிறார். ஆனாலும் பிரெஞ்சு வானியலாளர் ஃபிளமாரியோனின் மனைவி சில்வியைக் குறிக்கும் என்று ஒரு கதை நெடுநாள் உலவியது. 2001-இல் சில்வியாவைச் சுற்றும் ஒரு துணைக்கோள் கண்ணில் பட்டது. 2004-இல் எடுத்த படங்களில் இன்னொன்று. இரண்டு துணைக்கோள் உள்ள சிறுகோள் என்று முதலில் தெரியவந்தது இதுதான். ரோமுலஸ், ரேமஸ் என்று வைத்துவிட்டார்கள். அம்மா பெயர் தயாராக இருந்தது.

1868-இல் இன்னொன்று. பிறகு நீண்ட இடைவெளி. ஆட்கள் போதவில்லை, அளந்ததை அச்சுக்குக் கொண்டுவர நேரமில்லை. 1873-இல் கணக்கராக உள்ளே வந்தவர் போக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் அப்பா முதலில் பிடித்த சிறுகோளுக்கு அங்கே இயக்குநராக இருந்த ஜான்சன் வைத்தது இந்தக் குழந்தையின் பெயரைத்தான். ஊரில் ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர் இருந்தது கூடுதல் வசதி. சம்பளம் ஒரு சமையற்காரருக்கோ வண்டிக்காரருக்கோ கொடுப்பதைப் போன்றது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிக்கிறார்கள். இருபத்தைந்து வருஷம் அந்த வேலையில் இருந்தார். மாகாணத்தின் வானிலைப் பொறுப்பும் பின்னர் சேர்ந்தது. 1886-இல் அப்பா அவரை அரச வானியல் கழகத்துக்கு முன்மொழிந்தபோது, சாசனம் ஆண்களைத்தான் சொல்கிறது என்று வக்கீல்கள் சொல்ல, விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. ரகுநாதாச்சாரிக்கு 1872-இல் திறந்த கதவு ஐசிஸுக்கு 1920-இல் திறந்தது. அப்போது அவருக்கு அறுபது கடந்திருந்தது.

1885 பிப்ரவரி 6-இல் 245-ஆவதான வீரா. போக்சனின் கடைசிச் சிறுகோள் அது. அவர் இறந்த அதே 1891-இன் டிசம்பரில் ஹைடல்பெர்கில் மாக்ஸ் வுல்ஃப் புகைப்படத் தகடு மூலம் முதல் சிறுகோளைப் பிடித்தார். நட்சத்திரங்கள் புள்ளியாக விழ, நகர்வது மட்டும் கோடாக விழுந்தது. வரைபடமும் பென்சிலும் கொண்டு நடந்த வேட்டை அதோடு முடிந்தது. தமிழ்நாட்டு மண்ணிலிருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று: 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலையின் காவலூரில் ராஜமோகன் கண்டது, 4130-ஆவது, பெயர் ராமானுஜன். காவலூருக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறேன்.

அதற்கு முன் 1872-க்குப் போக வேண்டும். அந்த நவம்பர் கடைசியில் ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து போக்சனுக்கு ஒரு தந்தி வந்தது. வால்நட்சத்திரம் ஒன்று பூமியைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது, செந்தாரஸ் மண்டலத்தில் உடனே தேடுக என்று. மேகம் விலகக் காத்திருந்து டிசம்பர் 2-இலும் 3-இலும் அவர் எதையோ பார்த்தார். என்ன பார்த்தார் என்பதில் வானியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அது அடுத்த பகுதியில்.